எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் இரண்டு நாள் தங்கினால் பார்க்க என்ன இருக்கிறது? சைவம் கிடைக்குமா?

விமானம் மாற இரண்டு நாள் இடைவெளி இருக்கிறது, வீட்டிலோ “பஞ்ச நாட்டில் போய் என்ன சாப்பிடுவாய்” என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக நீங்களும் எங்களைப் போலப் புளியோதரைப் பொட்டலத்தோடு கிளம்பும் ரகம்தான். அந்தப் ‘பஞ்ச நாடு’ என்ற சொல் சுட்டதால்தான் பதில் எழுதுகிறேன். 1984 பஞ்சத்தின்போது பார்த்த படங்களை வைத்து இன்னும் எத்தனை நாள் ஒரு ஊரை எடை போடுவது?

நானும் மனைவியும் 2018 ஜூலையில் ஐந்து நாள் அங்கே இருந்தோம். ஊர் சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். இது தெரிந்தும் முதல் நாளே என்டோட்டோ மலைக்குப் போனோம். அது 3,000 மீட்டருக்கும் மேல். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. மழையில் நனைந்த தைல மரங்களின் வாசனை வந்ததும் மனைவி கண்ணை மூடிக்கொண்டு “தொட்டபெட்டா” என்றாள். மெனெலிக் மன்னர் காலத்தில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த மரங்கள் அவை. எதிரே பெண்கள் தங்களைவிட நீளமான விறகுக் கட்டுகளை முதுகில் சுமந்து, தரையைப் பார்த்தபடி இறங்கி வந்தார்கள். படம் எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு தப்பு செய்தேன். டாக்சிக்காரர் “இரண்டு மணிக்கு வருகிறேன்” என்றிருந்தார். மதியம்தானே என்று தலைவலியோடு படுத்துவிட்டேன். அங்கே விடியற்காலை ஆறிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள், அவர்களுடைய இரண்டு மணி நமக்குக் காலை எட்டு. ஒன்பதரைக்கு ஜன்னல் வழியே பார்த்தால், கொட்டும் மழையில் நீல வெள்ளை லாடா கார் நிற்கிறது. மனிதர் ஒரு முறைகூட ஹார்ன் அடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டதற்கு, பள்ளியில் தனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு இந்திய வாத்தியார் என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் காத்திருப்புக்குக் காசும் வாங்கவில்லை.

அவரே எங்களை ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப்போனார். தரையில் பச்சைப் புல் பரப்பியிருந்தது. ஒரு பெண் காபிக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுவந்து காட்டினார். பிறகு இடித்து, ஜெபெனா என்கிற மண் கூஜாவில் கொதிக்கவைத்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார். மூன்று சுற்று உண்டு: அபோல், தோனா, பராகா. மூன்றாவது வரை உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை. கும்பகோணம் டிகிரி காபிதான் உயர்ந்தது என்று சண்டைக்கு வருபவர்களோடு எனக்கு வம்பு இல்லை. நானும் அதைக் குடித்து வளர்ந்தவன்தான்.

தேசிய அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். 1974-இல் கிடைத்த, 32 லட்சம் ஆண்டு பழைய லூசி, மனித இனத்தின் ஆதி மூதாதை ஒருத்தியின் எலும்புக்கூடு, அங்கே இருக்கிறாள். பார்வைக்கு வைத்திருப்பது நகல்தான், ஆனாலும் அத்தனை சின்ன உருவம் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்கள் அவளைத் திங்க்னேஷ் என்கிறார்கள்.

உங்கள் ஏஜென்ட் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும். எங்களுக்கு டிக்கெட் போட்டவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு, பயணத்தையே இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். தேதி மாற்றக் கட்டணத்தையும் எங்கள் தலையிலேயே கட்டினார். கமிஷன் வாங்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லத் தெரியாதா?

சரி, சாப்பாடு. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. தெஃப் என்கிற சிறுதானியத்தின் புளித்த மாவில் சுட்ட, தோசை மாதிரியான இஞ்சேரா மேல் பருப்பு, கடலைமாவுக் குழம்பான ஷிரோ, கோஸ், கீரை எல்லாம் வைத்துத் தருவார்கள். ‘த்சோம்’, அதாவது விரதம், என்று கேட்டால் போதும். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாளில் அந்த விரதமும் இல்லை. தேதியை மாற்ற முடிந்தால், ஒரு புதனோ வெள்ளியோ அங்கே இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.