ஆயாவின் நிறம் எந்த ட்யூபில்?

அன்புள்ள அண்ணனுக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆயா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை ஆயில் பெயின்டில் வரைகிறேன், போனில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான். முகம் கரியாகிவிடுகிறது. 'ஃப்ளெஷ் டின்ட்' (சதை நிறம்) என்று போட்ட ட்யூபைக் கலந்தாலோ ஆயா வெள்ளைக்காரியாகிவிடுகிறார். நேரில் உட்காரவைத்தால் சரியாகுமா? வடக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் வடக்கு ஜன்னலில் வெயில் கொளுத்துகிறது. ஆயாவும் கால் மணி நேரம் சும்மா இருக்கமாட்டார்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஜன்னலை முடித்துவிடுவோம். அந்தப் புத்தகத்தை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதியிருப்பார்கள். அங்கே நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. நமக்கு நண்பகல் சூரியன் வருடம் பூராவும் வடக்கேதான். ஆகவே தெற்கு ஜன்னல். டிசம்பர் காலையிலும் சாயங்காலமும் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அப்போது டீ குடியுங்கள்.

நாற்காலியை அங்கே போட்டு ஆயாவைக் கட்டாயம் நேரில் உட்காரவையுங்கள். போன் படத்தில் நிழல் முழுக்க ஒரே கறுப்பாக அடைந்துவிடும்; கண் அப்படிப் பார்ப்பதில்லை. கறுத்த தோலின் பளபளப்பில் வெளிச்சத்தின் நிறம் நன்றாகவே தெரியும். தெற்கு ஜன்னலில் வருவது வானத்து வெளிச்சம். அதனால் நெற்றி மேட்டிலும் மூக்கு நுனியிலும் மினுங்குவது வெள்ளை இல்லை, மங்கிய நீலம். தாடைக்கு அடியில் புடவையின் நிறம் ஏறியிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளையை அள்ளிக் கலந்தால் முகம் சாம்பல் பூத்துப்போகும். கறுப்பு ட்யூபையும் ஒதுக்கி வையுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்தாலே நல்ல கருமை வரும், அது செத்துப்போன கருமையாகவும் இருக்காது. வெளிச்சம் படும் இடங்களுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள். ஃப்ளெஷ் டின்ட் யாருடைய சதைக்கு என்பதை அந்த ட்யூபைச் செய்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

நம் கண்ணும் கெட்டுத்தான் கிடக்கிறது. ரவி வர்மா 1894-இல் அச்சகம் தொடங்கியதிலிருந்து வீட்டுச் சுவரில் தொங்கும் லட்சுமியும் சரஸ்வதியும் சிவந்த முகத்தையே அழகென்று பழக்கிவிட்டார்கள். நம் நாட்டு ஓவியர் ஜெரார்ட் செக்கோட்டோவின் படங்களைத் தேடிப் பாருங்கள். கறுத்த முகங்களில் நீலத்தைக் கூசாமல் போட்டிருப்பார்.

ஆயா சும்மா இருக்கமாட்டார் என்பது பெரிய விஷயமே இல்லை. பழகிய மாடல்களுக்கே 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுப்பார்கள். நீங்கள் பத்து நிமிடத்தில் விடுங்கள். எழுந்திருக்கும் முன் பாதத்தைச் சுற்றியும் நாற்காலிக் கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால் திரும்ப அதே இடத்தில் உட்காரலாம். ரேடியோவில் லோட்டஸ் எஃப்எம் பாடட்டும். பேச ஆரம்பித்தால் முகத்தை விட்டுவிட்டு மடியில் கிடக்கும் கைகளுக்குப் போங்கள்.

முதல் நாள் அம்பரை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து வெளிச்சம், நிழல் மட்டும் போடுங்கள். அதிலுள்ள மாங்கனீஸால் அம்பர் சீக்கிரம் காயும். அடுத்தடுத்த பூச்சுகளில்தான் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயைக் கூட்டவேண்டும். மாறிப்போனால் மேல்பூச்சு முதலில் இறுகி, பிறகு வெடிக்கும்.

அப்புறம், டர்பென்டைன் நெடி வயதானவர்களுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்தே வையுங்கள். எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.