சாசரும் பெரியப்பாவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நண்பர்களைப் புதுச்சேரிக்குக் கூட்டிவந்தேன். வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பாவும் வந்து சேர்ந்தார். காபியைச் சாசரில் ஊற்றிச் சத்தமாக உறிஞ்சினார். எனக்குக் கூசிப்போய், ‘இங்கெல்லாம் இப்படிக் குடிக்கக் கூடாது’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒழுங்கு ஏன் இந்தப் பக்கம் இல்லை? துப்புகிறோம், ஹாரன் அடிக்கிறோம், குப்பை போடுகிறோம். நமக்கு எப்போது நாகரிகம் வரும்?

கே., முத்தியால்பேட்டை

அன்புள்ள கே.,

துப்புவதும் ஹாரனும் தப்புதான். அதைச் சொல்ல நான் எதற்கு, போலீஸ்காரர் போதும். குப்பையா? 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானிய ஒயின் சாடிகளும் யாரோ உடைத்துப் போட்ட ஓடுகள்தான். அதை வைத்துத்தான் நம் பழம்பெருமையே. சரி, விடுங்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் பெரியப்பா. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களே சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்தவர்கள்தான், அதுகூட இருக்கட்டும். உங்களுக்குக் கூசியது, எழுதியிருக்கிறீர்கள். அவர் முகம் எப்படி ஆனது? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்த பிள்ளை நீங்கள்!

வள்ளுவர் ‘நயத்தக்க நாகரிகம்’ என்று சொல்வது கண்ணோட்டம் அதிகாரத்தில், 580ஆம் குறளில். பழகியவர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் குடித்துவிட்டு அவரோடு இணங்கி இருப்பார்களாம், அந்த நாகரிகத்தை வேண்டுகிறவர்கள். நஞ்சுக்கே அந்த மரியாதை. உங்களால் ஒரு உறிஞ்சல் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை.

திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. கடலூர்ப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அப்பாவும் நானும் பண்ருட்டிக்குப் பக்கத்தில் அத்தையைப் பார்க்கப் போனோம். வாசலில் பலாமரம் வேரோடு கிடந்தது. பால் இல்லை, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அத்தை வரக்காபி போட்டுக் கொடுத்தாள். அப்பா முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். நான் ஒரு வாய் குடித்ததும் ‘ச்சீ, உப்பு!’ என்று கத்திவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு நாவல் எழுதியிருந்தேன்.

அத்தை பதறிப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

“ஏண்ணே, நீ ஒண்ணும் சொல்லலியே?”

“எனக்குச் சர்க்கரை சரியாத்தாம்மா இருந்துச்சு.”

அத்தை அவருடைய டம்ளரை எடுத்து, அடியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.