சேர்கிற முகம் சரியாக இருந்தால் முடியும்

தானாகச் சேரும் ரோபோக்களை வைத்து விண்வெளியில் பெரிய கட்டமைப்புகளைக் கட்ட முடியுமா, அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்கல் எடுத்துவிட்டுக் கலங்குகிற தம்பி என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில், முடியும். இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது. கோவை கணபதியில் 22 வருடமாக ஜிக், ஃபிக்சர், அதாவது வேலைப் பொருளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சாதனங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் வந்தார்கள். உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டிகள் 12, முகத்துக்கு முகம் காந்தம். ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டி வளையமாக வேண்டும். புரோகிராம் அருமையாக எழுதியிருந்தார்கள். 11 பெட்டி சேர்ந்தது, கடைசிப் பெட்டி நுழையவே இல்லை. "ஏனுங்ணா, எல்லாம் டிராயிங் அளவுலதானுங்க இருக்குது?" என்றான் ஒரு பையன், அழாத குறையாக.

கோணம் அளக்கும் சைன் பாரில் வைத்து டயல் கேஜ் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் சேர்கிற இரண்டு முகத்துக்கும் நடுவில் 30 டிகிரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு டிகிரி கூடுதல். தனியாக எடுத்தால் எந்தப் பெட்டியிலும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டும் கூடும்போது 1.2 டிகிரி, கடைசி இடம் ஆப்பு மாதிரி குறுகிவிட்டது. முகங்களை மறுபடி கிரைண்டிங் செய்து, ஒரு முகத்தில் இரண்டு பின் வைத்தேன். ஒன்று உருண்டை, இன்னொன்று பக்கங்களைச் சீவிய டைமண்ட் பின். எதிர் முகத்துத் துளைகளின் வாயை அகலமாகச் சேம்பர் போட்டேன், அதாவது விளிம்பைச் சரிவாகச் சீவினேன். அப்புறம் பெட்டி கொஞ்சம் கோணலாக வந்தாலும் பின் வழுக்கி உள்ளே இறங்கி, டக் என்று உட்கார்ந்தது. அந்தப் பையன் அதை ஏழெட்டுத் தடவை கழற்றி மாட்டிப் பார்த்தான்.

அன்று சாயந்திரமே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பெரிய கம்பெனிக்குச் செய்து கொடுத்த ஃபிக்சருக்கு ஏழு மாதமாகப் பணம் வரவில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டாயிற்று. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. என்னிடம் வேலை பார்க்கும் ஆறு பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் போட நான் நகையை வைக்கிறேன். இதை எங்காவது சொல்லியாக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டறை வேலையையும் விண்வெளியையும் ஒப்பிடாதே என்று யாராவது வருவார்கள். அங்கே இன்னும் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஒரு மீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மி.மீ. நீளும். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் இடத்தில் இரண்டு முகம் பொருந்த வேண்டும். ஆனால் வேறு வழியும் இல்லை. ராக்கெட் தலைக்குள் அடங்குவதைத்தான் அனுப்ப முடியும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் கண்ணாடியை 18 துண்டாக்கி மடித்துத்தான் அனுப்பினார்கள். அதைவிடப் பல மடங்கு பெரிதென்றால் மேலே போய்த்தான் கட்டியாக வேண்டும்.

நாசாவின் ஏம்ஸ் மையத்தில், தரையில்தான், மூன்று ரோபோக்கள் 256 கூடுகளை, அதாவது ஒரே அளவான கூடு போன்ற கட்டுமானத் துண்டுகளை, அடுக்கிக் காட்டின. ஒன்று எடுத்துக் கொடுக்க, ஒன்று பொருத்த, மூன்றாவது உள்ளே ஊர்ந்து போல்ட் போட்டது. கூடுகளே அளவாக இருந்ததால் ரோபோவுக்குப் பெரிய கண்ணும் மூளையும் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓடு மாதிரியான தட்டைத் துண்டுகளைக் காந்தத்தால் சேர்க்கிறார்கள். தப்பாக ஒட்டினால் ஒரு மின்துடிப்பில் விட்டுவிடும். அதை 2022ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ளேயே சோதித்தார்கள்.

விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்துப் பார்த்த நம் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனையையே பாருங்கள். 2025 ஜனவரி 12ல் இரண்டு செயற்கைக்கோள்களும் 3 மீட்டர் வரை நெருங்கி, மறுபடி விலக்கப்பட்டன. 16ஆம் தேதிதான் சேர்ந்தன. அவசரப்படாமல் பின்வாங்கினார்களே, அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோடிங்கும் வேண்டும், அதை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் அளவு எவ்வளவு பிசகலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு விடாதீர்கள். கோவைப் பக்கம் இருந்தால் எந்த டூல் ரூமிலாவது லீவில் ஒரு மாதம் நில்லுங்கள். ஒரு டைமண்ட் பின்னை வாங்கி, அது ஏன் முழு உருண்டையாக இல்லை என்று அங்கிருக்கும் ஃபிட்டரிடம் கேளுங்கள்.