கப்பல் நிற்கும் ஒன்பது மணி நேரத்தில் டிஸ்னி வேர்ல்டு போய் வரலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஜூலையில் நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து எல்லோருமாக ஏழு இரவு கப்பல் பயணம் ஏற்பாடாகியிருக்கிறது. பேயோன் துறைமுகத்தில் ஏறினால் புளோரிடாவில் போர்ட் கேனவரல், பிறகு பஹாமாஸில் கோகோகே தீவு, நசாவ், திரும்ப நியூ ஜெர்சி. கேனவரலுக்குக் காலை 10 மணிக்கு வரும் கப்பல் இரவு 7 மணிக்குக் கிளம்பும். "ஒன்பது மணி நேரம் இருக்கிறதே, டிஸ்னி வேர்ல்டு பார்த்துவிடலாம்" என்கிறான் மகன். நேரம் போதாது என்கிறாள் மருமகள். பேரனுக்கு 9 வயது, பேத்திக்கு 5. என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாக வெளிநாட்டுப் பயணங்கள் ஏற்பாடு செய்து தருகிறேன். பெரும்பாலும் உங்களைப் போல, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள்தான் வருவார்கள். உங்கள் விஷயத்தில் மருமகள் சொல்வதுதான் சரி. அன்றைக்கு டிஸ்னி வேண்டாம். மகனிடம் சொல்லக் காரணம் வேண்டுமே, அதைக் கணக்காகவே தருகிறேன்.

போர்ட் கேனவரல் அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கிறது. டிஸ்னி வேர்ல்டு உள்நாட்டில், ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே இருக்கிறது. நடுவில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நம் கணக்கில் புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம். 528-ஆம் எண் டோல் சாலை நல்ல சாலை என்பதால் ஒன்றே கால் மணி நேரத்தில் போய்விடலாம். மாலை திரும்பும்போது ஆர்லாண்டோவில் அலுவலகம் விட்டு வரும் வண்டி நெரிசலில் மாட்டினால் அது எவ்வளவாகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கப்பல் 10 மணிக்கு வந்ததும் உடனே இறங்கிவிட முடியாது. கட்டி முடித்து, வழி திறந்து, வரிசையில் நின்று ஆறு பேரும் வெளியே வரப் பத்தே முக்கால் ஆகிவிடும். வண்டி ஏறப் பதினொன்று. டிஸ்னிக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டே கால். குழந்தைகள் கேட்பது கோட்டை இருக்கிற மேஜிக் கிங்டம்தானே? அங்கே கார் வாசல் வரை போகாது. ஏரிக்கு இந்தக் கரையில் ஒரு நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து, மோனோரயிலோ ஃபெர்ரியோ பிடித்து அக்கரைக்குப் போனால்தான் வாசல் தெரியும். உள்ளே கால் வைக்கும்போது மணி 12.50.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். 7 மணிக்குக் கிளம்பும் கப்பலில் 6 மணிக்கே, சில கப்பல்களில் ஆறரைக்கு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். வழியில் டயர் பஞ்சர், விபத்து, கூட்டம் என்று ஏதாவது ஒன்று நடந்தால் தாங்க ஒரு மணி நேரம் கையில் வேண்டும். ஆக 5 மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். அதற்கு 3.45-க்கு வண்டியில் ஏற வேண்டும். அதற்கு 3.15-க்கு பார்க் வாசலை விட்டு வெளியே வர வேண்டும்.

12.50 முதல் 3.15 வரை. இரண்டு மணி 25 நிமிடம். உங்கள் ஒன்பது மணி நேரத்தில் டிஸ்னிக்குக் கிடைப்பது இவ்வளவுதான் அம்மா. ஜூலையில் பெயர் பெற்ற ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது சாதாரணம். கழிவறை, தண்ணீர், ஒரு வாய் சாப்பாடு போக இரண்டு ரைடு ஏறினால் அதிர்ஷ்டம். மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வருவது புளோரிடாவில் ஜூலை பிற்பகலில் வரும். இடி மின்னல் பக்கத்தில் வந்தால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் சரியாக நீங்கள் உள்ளே இருக்கும் நேரம்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாள் டிக்கெட் தேதியைப் பொறுத்து 120 டாலர் அளவில் தொடங்கி, கூட்டமான நாட்களில் 200 டாலர் அளவுக்குப் போகும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சில டாலர்கள்தான் குறைவு. ஆளுக்கு 150 என்று வைத்தாலும் ஆறு பேருக்கு 900 டாலர், நம் பணத்தில் எழுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். வண்டி, டோல், சாப்பாடு எல்லாம் தனி. இரண்டரை மணி நேரத்துக்கு!

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது கப்பல் ஹாங்காங்கில் நின்றது. அங்கே டிஸ்னிலேண்டுக்கு ரயிலிலேயே போய்விடலாம், கேனவரல் போலத் தூரமும் இல்லை. அந்தத் தைரியத்தில் கிளம்பினோம். இறங்கவே தாமதம், அப்புறம் டிக்கெட் வரிசை. பறக்கும் யானை ரைடுக்கு நிற்கும்போது இன்னும் இருபது நிமிடம் என்று பலகை காட்டியது. என் கடிகாரமோ கிளம்பு என்றது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. "டிஸ்னி பார்த்தோம்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அது பார்க்காமல் வந்த இடம்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை உங்கள் மகன் யோசித்திருக்க மாட்டார். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களைக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சொந்த வண்டியில் போனவர்களுக்கு அது கிடையாது. விட்டுப் போய்விடும். அதோடு அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் அப்படியே இறக்கிவிடக் கூடாது. நீங்கள் பேயோனில் ஏறி, கேனவரலில் கப்பலைத் தவறவிட்டால் அந்தச் சட்டம் மீறப்பட்டதாக ஆகும். ஆளுக்குப் பல நூறு டாலர் அபராதம், அதைப் பெரும்பாலும் பயணியிடமே வசூலிப்பார்கள். அப்புறம் கப்பலைப் பிடிக்க நசாவுக்கு விமானம். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகும் உங்கள் இருவருக்கும் அந்த அலைச்சல் இன்னும் கூடுதல்.

அதனால் அன்று எங்கே போனாலும் சரி, பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டு இறங்காதீர்கள். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் பஹாமாஸ் போய் அமெரிக்காவுக்குத் திரும்புவதால் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கானதா என்று இப்போதே பாருங்கள். பஹாமாஸில் இறங்க இந்தியர்களுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அன்றைக்கு என்னதான் செய்வது? கப்பலிலேயே உட்காரச் சொல்ல மாட்டேன். கேனவரலில் இறங்குபவர்களுக்கு டிஸ்னியைவிடப் பக்கத்தில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகம். துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கடலூரிலிருந்து புதுச்சேரி வருவது போலத்தான். அரை மணி, முக்கால் மணியில் போய்விடலாம். பதினொன்றரைக்கு உள்ளே போனால் நான்கு மணி வரை நிதானமாக இருக்கலாம். அதே நாளில், அதே கப்பலில், நாலரை மணி நேரம். டிக்கெட் பெரியவர்களுக்கு 75 டாலர் சுற்றி இருக்கும், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறையும்.

உள்ளே நுழைந்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் பேருந்துப் பயணத்துக்குப் போங்கள். டிக்கெட்டிலேயே அது அடங்கும். கடைசிப் பேருந்து பிற்பகலிலேயே கிளம்பிவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கணவருக்கும் உட்கார்ந்தே பார்க்க வசதி. வழியில் ராக்கெட்டுகளைப் பூட்டி நிமிர்த்தும் கட்டடம் தெரியும், 160 மீட்டர் உயரம். சிதம்பரம் கோயில் கோபுரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் அதை எட்டாது. பேருந்து கொண்டுபோய் விடும் கூடத்தில் சாட்டர்ன் 5 ராக்கெட் ஒன்றைப் படுக்கவைத்திருக்கிறார்கள். நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுபோன வகை, 111 மீட்டர் நீளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கும்போது பேரன் வாயைத் திறந்தபடிதான் நடப்பான்.

திரும்பி வந்ததும் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம். மாதிரி கிடையாது, 2011 ஜூலையில் கடைசியாகப் பறந்து இறங்கிய அதே ஓடம். சுனிதா வில்லியம்ஸ் 2007-இல் தன் முதல் விண்வெளிப் பயணம் முடிந்து பூமிக்குத் திரும்பியது இதில்தான். பேத்திக்கு அலுத்துவிட்டால் பிளானட் பிளே என்று சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடும் உள்ளரங்கம் இருக்கிறது. குளிர்சாதன வசதி உண்டு, மழை வந்தாலும் கவலையில்லை.

உங்களுக்கென்று ஓர் இடம் சொல்கிறேன். நீங்கள் ஆசிரியை என்பதால் கட்டாயம் பாருங்கள். வளாகத்திலேயே விண்வெளிப் பணியில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சுவர் இருக்கிறது. கண்ணாடி போல மெருகேற்றிய கருங்கல். பெயர்களைக் கல்லில் ஊடுருவ வெட்டியிருப்பதால் எழுத்துகள் வழியாக வெளிச்சம் வரும். அதில் கல்பனா சாவ்லாவின் பெயர் இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று அவர் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் கிளம்பியது இங்கே 39ஏ ஏவுதளத்திலிருந்து. 1969-இல் அப்பல்லோ 11 கிளம்பியதும் 39ஏ. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா கிளம்பியதும் அதே 39ஏ. இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் அங்கே இருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் அந்தப் பகுதிச் சாலைகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். முந்தின வாரமே ஏவுதல் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, கேனவரலில் சில கப்பல் முனையங்கள் துறைமுகத்தின் வடக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே போகும் சாலையில் படகுகளுக்காகத் தூக்கும் பாலம் ஒன்று உண்டு. உங்கள் கப்பல் அந்தப் பக்கம் என்றால் திரும்பும்போது கால் மணி நேரம் சேர்த்து வையுங்கள். மகன் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாக இருந்தால் பேத்திக்குக் குழந்தைகளுக்கான கார் இருக்கை மறக்கக் கூடாது. புளோரிடாவில் ஐந்து வயது வரை அது சட்டம்.

மகன் இன்னும் தீம் பார்க்தான் என்று நின்றால் ஒன்று சொல்லுங்கள்: துறைமுகத்துக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கட்டும். சீவேர்ல்டு 528-ஆம் சாலை முடியும் இடத்தருகே, 85 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஏரி கடக்கும் வேலை இல்லை. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

துறைமுக நாளில் பார்க் போகவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. கோபன்ஹேகனில் கப்பல் நின்றால் டிவோலிக்குப் போங்கள் என்று நானே அனுப்புவேன். 1843-இல் திறந்த பூங்கா, நகர ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நுழைவுக்குத் தனி டிக்கெட், ரைடுக்குத் தனி, இரண்டு மணி நேரம் இருந்தாலும் நிறைவாக வரலாம். உங்கள் பயணத்திலேயே அப்படி ஒரு இடம் இருக்கிறது, கோகோகே. கப்பல் நேராகத் தீவிலேயே கட்டும். பெரிய சறுக்குகள் உள்ள நீர்ப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம், உயரக் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கான நீர் விளையாட்டு இடங்கள் கட்டணத்துக்குள்ளேயே வருகின்றன. பேத்திக்கு அதுவே போதும். பேரனுக்கு மட்டும் பெரிய பூங்கா டிக்கெட் எடுத்து அப்பாவோடு அனுப்புங்கள்.

டிஸ்னியை விடச் சொல்லவில்லை, தள்ளிவைக்கச் சொல்கிறேன். நியூ ஜெர்சியின் நியூவார்க் விமான நிலையத்திலிருந்து ஆர்லாண்டோ மூன்று மணி நேர விமானம்தான். நீங்கள் செப்டம்பர் வரை அங்கே இருப்பதாக இருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரத்தைப் பாருங்கள். புளோரிடாவில் பள்ளிகள் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே திறந்துவிடும். நியூ ஜெர்சியில் பெரும்பாலும் செப்டம்பரில்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருக்க, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் விடுமுறை. வரிசைகள் ஜூலையைவிடக் குறையும், பல நாள் டிக்கெட் எடுத்தால் நாளொன்றுக்கு விலையும் இறங்கும். புயல் காலம் என்பதால் ரத்து செய்து பணம் திரும்பப் பெறக்கூடிய அறையாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும். காலை பார்க் திறக்கும்போது உள்ளே போய், மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி போங்கள். இரவு கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை முடிகிற வரை இருந்துவிட்டு வாருங்கள்.