தாத்தா சொன்ன நியமங்கள்: ஒரு நாள் தவறினால் பாவமா?

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு வயது 26. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் தங்கையும் என்னோடு இருக்கிறார்கள். தாத்தாவும் ஆச்சியும் ஊரில், அம்பாசமுத்திரத்தில். தாத்தாவுக்கு 81 வயது. தீட்சை வாங்கிய சைவர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "நான் நல்ல மனுஷனா ஆகணும்னா என்ன செய்யணும் தாத்தா?" என்று நானேதான் கேட்டேன். ஒரு தாளில் எழுதித் தந்தார். காலை நாலரைக்கு எழுந்து குளித்துத் திருநீறு பூசு. ஐந்தெழுத்து (நமசிவாய) 108 உரு, அதாவது 108 தடவை, சொல்லு. தேவாரத்தில் ஒரு பதிகம் படி. பொய் பேசாதே. கோபத்தை விடு. பிரதோஷத்துக்கு விரதம் இரு. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்குக் கொடு. படுக்கும் முன் அன்றைக்குச் செய்த தப்பை நினைத்துப் பார். தாளைக் கையில் கொடுக்கும்போது, "ஏலே, ஒரு நாள் விட்டா ஒம்பது நாள் செஞ்சது போச்சுன்னு வச்சுக்கோ" என்றார்.

முதல் மாதம் நன்றாகவே போனது. அப்புறம், சொன்னது 70-ஆ 71-ஆ என்று சந்தேகம் வர ஆரம்பித்தது. சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குவேன். பத்து நிமிடத்தில் முடிந்த ஜபம் இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்பது நாளுக்கும் சேர்த்து 972 உரு சொல்கிறேன். திருநீறு தரையில் சிந்திவிட்டால் அந்த இடத்தை நாலைந்து முறை துடைத்தும் திருப்தி வருவதில்லை. பதிகம் படிக்கும்போது சாமியைப் பற்றி எழுதக் கூசும்படியான எண்ணம் வருகிறது. அதை விரட்ட மறுபடி முதல் பாட்டுக்குப் போகிறேன். இதையெல்லாம் முடித்துப் படுக்க இரவு பன்னிரண்டரை ஆகிவிடுகிறது.

அலுவலகத்தில் ஒரு சப்ளையரிடம் "செக் கையெழுத்துக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் போகவில்லை. இரவு பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டு, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் குழம்பிப் போனார். தினமும் தாத்தாவுக்கு போன் போட்டு "இது பாவமா?" என்று கேட்கிறேன். "இல்லைய்யா" என்பார். அரை மணி நேரம் நிம்மதி. பிறகு மறுபடி அதே சந்தேகம்.

போன வாரம் ஜபத்துக்கு நடுவில் அம்மா வந்து "தோசை ஊத்தட்டுமா?" என்று கேட்டார். எண்ணிக்கை விட்டுப்போன ஆத்திரத்தில் கத்திவிட்டேன். மாலையைத் தூக்கி எறிந்தேன். அம்மா அழுதார்.

எனக்குப் பக்தி போதவில்லையா? எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? விட்டால் தாத்தாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்குப் பக்தி குறையவில்லை. தாத்தா சொன்னதைத் தூக்கிப்போடவும் வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பகுதிதான் தாத்தாவின் அறிவுரை. திரும்பத் திரும்ப எண்ணுவது, துடைப்பது, போன் போட்டுக் கேட்பது, 972 உரு சொல்வது இதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. இவை எண்ணச் சுழற்சி நோயின், அதாவது ஓ.சி.டி.யின் அடையாளங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்யக் கூடாது. இருந்தாலும், ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறது, தூக்கமும் வீடும் கெடுகிறது என்னும்போது மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லா மதத்தவரிடமும் இது உண்டு. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா என்று திரும்பத் திரும்பக் கழுவும் இஸ்லாமியரும், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஏதோ விட்டுப்போனது என்று மறுபடி மறுபடி போகும் கத்தோலிக்கரும் இதே வலியோடுதான் வருகிறார்கள்.

சந்தேகம் வந்ததும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள், பதற்றம் கொஞ்சம் இறங்குகிறது. 'திரும்பச் செய்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது. தாத்தாவின் "இல்லைய்யா" அரை மணி நேரம்தான் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காரணம் இதுதான். ஆகவே சந்தேகத்தைத் தீர்க்க முயல வேண்டாம். சந்தேகம் இருக்கும்போதே அடுத்த வேலைக்குப் போகப் பழகுவதுதான் சிகிச்சை.

முதலில் தூக்கம். தாத்தா நாலரைக்கு எழுகிறார் என்றால் இரவு எட்டரை, ஒன்பதுக்குள் படுத்துவிடுகிறவராக இருப்பார். நீங்கள் பன்னிரண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் நான்கு மணி நேரம்தான் ஆகிறது. தூக்கம் குறைந்தால் கோபமும் கூடும், வேண்டாத எண்ணங்களும் கூடும். இப்போதைக்குப் பத்தரைக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழுங்கள். நாலரை வேண்டுமென்றால், படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்து, எழும் நேரத்தையும் அதே அளவு நகர்த்துங்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

அடுத்து ஜபம். ஆறுமுக நாவலரைவிடக் கண்டிப்பான சைவரைக் காட்டுவது கடினம். அவர் எழுதிய 'சைவ வினாவிடை' நூலிலேயே 108, 50, 25, 10 என்று படிகள் உண்டு. பத்து உருவும் நியமம்தான். நீங்கள் பத்தில் தொடங்குங்கள். மாலையைப் பூஜை அறையிலேயே வைத்துவிட்டு, வலக்கை விரலிறைகளில், அதாவது விரல் கோடுகளில், எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் பின்னால் போகக் கூடாது. ஒன்பதா பத்தா என்று தெரியாமலே எழுந்துவிடுங்கள். பதற்றம் ஏறும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அதற்கு ஒரு மார்க் போட்டு நோட்டில் எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, அரை மணி கழித்து ஒரு முறை மறுபடி எழுதுங்கள். எதையும் திரும்பச் செய்யாமல் இருந்தால் பலருக்கும் அரை மணி, முக்கால் மணிக்குள் அது தானாக இறங்கும். சில நாள் இறங்காது. அன்றைக்கும் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புங்கள். வாரத்தில் பெரும்பாலான நாள்களில் மார்க் மூன்றுக்குக் கீழே வந்த பிறகுதான் 25-க்குப் போக வேண்டும். 108-க்கு அவசரமே இல்லை.

சிந்திய திருநீற்றுக்கும் அதே நூலில் வழி இருக்கிறது. அள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறை போதும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு நகருங்கள்.

"ஒரு நாள் விட்டா ஒம்பது நாள் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது சோம்பேறிப் பேரனைத் தட்டி எழுப்ப. நீங்கள் சோம்பேறி இல்லையே! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் புதுப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடுவில் ஒரு நாள் தவறுவது அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றும் தெரிந்தது. ஆகவே விட்டுப்போன நாளுக்கு மறுநாள் அதே பத்து உருதான். 972 என்ற கணக்கை இன்றோடு மூடிவிடுங்கள்.

கூசும்படியான எண்ணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 1978-ல் உளவியலாளர்களான ராக்மனும், இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும், நோய் எதுவும் இல்லாதவர்களிடம் விசாரித்தபோது, சுமார் 80 சதவீதம் பேர் தங்களுக்கும் வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. சாமிமேல் மதிப்பு வைத்திருப்பவருக்குத்தான் அது சாமியைப் பற்றி வந்தால் உறுத்துகிறது. விரட்ட விரட்ட அது கூடும். இனி முழுப் பதிகம் வேண்டாம். ஒரே ஒரு பாட்டை, புத்தகத்தைப் பார்த்து, வாய்விட்டுப் படியுங்கள். எண்ணம் வந்தால் வரட்டும், நாக்கு அடுத்த வரிக்குப் போகட்டும். கன்னத்தில் போட்டுக்கொள்வதும், மனதுக்குள் மன்னிப்புக் கேட்பதும்கூட இந்தச் சமயத்தில் வேண்டாம். அவையும் திரும்பச் செய்வதுபோலவே வேலை செய்யும்.

அந்தத் தாளில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிபவை பொய்யும் கோபமும்தான். ஜபத்துக்குக் கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீங்கள் இவற்றுக்குக் கொடுக்கவில்லை. சப்ளையர் விஷயத்தையே எடுங்கள். வாய்மைக்கு வள்ளுவர் வைத்த அளவு, பிறருக்குத் தீமை தராத சொல். இரவு பத்து மணி மன்னிப்பால் அவருக்குப் பணம் சீக்கிரம் வரவில்லை. உங்கள் பதற்றம்தான் குறைந்தது. அடுத்த முறை "இன்னும் கையெழுத்தாகலை சார், வியாழக்கிழமைக்குள் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, வியாழக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள். பழையதைத் திருத்தலாமா என்று மனது அரிக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இதனால் யாருக்காவது நஷ்டம் உண்டா? உண்டென்றால் ஒரு முறை, ஒரு வாக்கியத்தில், அலுவலக நேரத்தில் திருத்துங்கள். இல்லையென்றால் பேச வேண்டாம்.

அம்மாவிடம் "அன்னைக்குக் கத்தினது தப்பும்மா" என்று சொல்லுங்கள். ஏன் கத்தினேன் என்ற விளக்கம் வேண்டாம். "மன்னிச்சிட்டீங்களா?" என்று நாளைக்கும் மறுநாளும் கேட்க வேண்டாம். பிறகு அம்மாவிடமும் தங்கையிடமும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஜபத்துக்கு நடுவில், எப்போது என்று சொல்லாமல் உங்களைக் கூப்பிட வேண்டும். நீங்கள் திரும்பிப் பார்த்து, "ரெண்டு தோசை போதும்மா" என்பதுபோலப் பதில் சொல்லிவிட்டு, எந்த எண் நினைவுக்கு வருகிறதோ அங்கிருந்து தொடர வேண்டும். முதல் வாரம் தாடை இறுகும், குரல் ஏறும். அது தெரிந்ததும் நாலைந்து மூச்சு மெதுவாக விட்டு, அப்புறம் பதில் சொல்லுங்கள். தாத்தா கேட்ட கோபப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. திருமூலர்கூட இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி என்று சொல்லிவிட்டு, அதே பாட்டில் பிறரிடம் பேசும் இனிய சொல்லையும் வைக்கிறார். தாத்தாவுக்கு அந்தப் பாட்டு நிச்சயம் தெரிந்திருக்கும்.

தர்மத்துக்கு, சம்பளம் வந்த அன்றே அந்தப் பங்கை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். இரவில் தப்பை நினைப்பது நல்ல பழக்கம். ஆனால் படுத்துக்கொண்டு செய்தால் அது விடியும்வரை ஓடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அலாரம் வைத்து, மூன்று வரி எழுதுங்கள்: இன்று நன்றாகச் செய்த ஒன்று, தவறிய ஒன்று, அதற்காக நாளை செய்யப்போவது ஒன்று. அலாரம் அடித்ததும் நோட்டை மூடுங்கள்.

தாத்தாவிடம் பகலில், நிதானமாக, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இனி நீங்கள் "இது பாவமா?" என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டும் சொல்லாமல், "சாப்பிட்டியாய்யா? அம்மா எப்படி இருக்கா?" என்று பேச்சைத் தொடரச் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று சோதித்துப் பார்க்க போன் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும். உங்கள் ஜபத்தின் எண்ணிக்கை அவர் ஆயுளைத் தீர்மானிக்காது. அந்தப் பயம் இந்த நோயில் அடிக்கடி வருவது. இன்னொன்றும் கேளுங்கள்: 26 வயதில் அவர் இந்த எட்டில் எத்தனையைக் கடைப்பிடித்தார்? 81 வயதில் வந்து சேர்ந்த இடத்தைத்தான் அவர் எழுதித் தந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளிப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். மேலே சொன்ன பயிற்சிகளை முறையாகத் தெரிந்த உளவியலாளரோடு செய்யும்போது, வாரம் ஒரு முறை என்று பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள் ஆகலாம். மருத்துவர் மாத்திரை எழுதினால், பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இரண்டாம் வாரமே கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். பிரதோஷ விரதத்தைத் தூக்கம் சீரானபின் வைத்துக்கொள்ளுங்கள். விரத நாளிலும் மாத்திரை உண்டு. எதைச் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்பதை மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.