சாதனக் கோப்பு தெரிகிறது, சாதனம் எங்கே?

கேள்வி: அலுவலகச் சர்வரில் உள்ள டேப் டிரைவுக்கான சாதனக் கோப்பை (சாதனத்தைக் கோப்பு போலத் திறக்க உதவுவது), என்.எஃப்.எஸ். (பிணையத்தில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிரப்பட்ட அடைவு ஒன்றில் உருவாக்கினேன். என் லினக்ஸ் கணினியிலிருந்து அதைத் திறந்தால், அத்தகைய சாதனமோ முகவரியோ இல்லை என்று பிழை வருகிறது. கோப்பு தெரிகிறது, சாதனம் மட்டும் ஏன் இல்லை?
– கோவை வாசகர்

பதில்: ‘எல்எஸ் -எல்’ கட்டளையில் அந்தக் கோப்பின் வரியைப் பாருங்கள். பிற கோப்புகளுக்கு அளவு வரும் இடத்தில் ‘9, 0’ என்று இரண்டு எண்கள் இருக்கும். சாதனக் கோப்பின் சரக்கு அவ்வளவுதான்: 9 என்பது ஸ்கசி இணைப்பில் வரும் டேப்புக்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்), 0 என்பது அதன் கீழ் வரும் முதல் டேப். என்.எஃப்.எஸ். இந்த எண்களை உங்களிடம் சேர்ப்பதோடு ஒதுங்கிக்கொள்கிறது. அவற்றுக்குப் பொருள் காண்பது உங்கள் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. உங்களிடமும் ஒரு டேப் இருந்திருந்தால், சர்வரின் டேப் என்று நம்பி அதன்மேலேயே எழுதியிருப்பீர்கள். பிழையோடு போயிற்றே என்று மகிழுங்கள்.

1980களில் சன் நிறுவனம் என்.எஃப்.எஸ்.ஸை வடிவமைத்தபோது, வட்டே இல்லாத பணிநிலையங்கள் எல்லாக் கோப்புகளுக்கும் தலையான தங்கள் ரூட் அடைவையே சர்வரிலிருந்து பெற்றன. அவற்றில் ‘கன்சோல்’ கோப்பைத் திறப்பவருக்குத் தம் மேசைமேல் உள்ள திரை வேண்டுமே தவிர, சர்வர் அறையின் திரை அல்ல. இதைவிட வலுவான காரணமும் உண்டு. யார் எதைத் திறந்திருக்கிறார் என்பதை அன்றைய என்.எஃப்.எஸ். சர்வர் நினைவில் வைப்பதில்லை. கோப்பின் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் வரும். பதில் வழியில் தொலைந்து கோரிக்கை மீண்டும் வந்தாலும், கோப்பில் அதே இடத்தில் அதே தரவு விழும். டேப்பிலோ அது இரண்டு முறை பதிவாகிவிடும்.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஆர்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறை, திறப்புகளையெல்லாம் நினைவில் வைத்துத் தொலைச் சாதனங்களையும் திறக்க விட்டது. ஆனால் அது நிலைக்கவில்லை. பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளம் கண்ட வழியே எனக்குப் பிடித்தது: சீரியல் போர்ட்டின் வேகத்தை மாற்ற, அதன் கட்டுப்பாட்டுக் கோப்பில் ‘பி9600’ என்று எழுதினால் போதும், வெறும் எழுத்து என்பதால் எந்தக் கணினிக்கும் புரியும். சாதனங்களைக் கட்டுப்படுத்தும் யுனிக்ஸின் ஐயாக்டில் அழைப்போ, ஒவ்வொரு டிரைவருக்கும் ஒவ்வொரு வடிவில் நினைவக முகவரிகளைக் கொடுப்பதால், பிணையத்தில் அனுப்புவதற்கு ஏற்றதல்ல.

உங்கள் தேவைக்கு, கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் டார் கட்டளையின் வெளியீட்டை, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக, தரவை நகலெடுக்கும் டிடி கட்டளைக்குச் சர்வரில் அனுப்பி, அங்கேயே டேப்பில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் உருவாக்கிய சாதனக் கோப்பை நீக்கிவிட்டு, அந்த அடைவைச் சாதனக் கோப்புகளைச் செயல்பட விடாத ‘நோடெவ்’ விருப்பத்தோடு மவுன்ட் செய்யுங்கள் (உங்கள் கணினியில் இணையுங்கள்); இல்லையென்றால், சர்வரில் ரூட் உரிமை உள்ள எவரும் முதல் வட்டைக் குறிக்கும் ‘8, 0’ என்ற எண்களோடு ஒரு சாதனக் கோப்பை எல்லோருக்கும் திறந்துவைத்து, உங்கள் கணினியின் வட்டையே சாதாரணப் பயனர் கையில் கொடுத்துவிடலாம்.