பணம் யார் கணக்கு வழியாகப் போனது?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு 28 வயது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. எட்டு வருடமாக வெல்டர் வேலை. போலந்தில் ஃபேக்டரி வேலை, ஒர்க் பெர்மிட்டோடு வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொன்னார். அம்மாவின் நகையை அடகு வைத்து 4 லட்சம் கொடுத்தேன். என் நண்பர்கள் இருவர் ஆளுக்கு 3 லட்சம் என் ஜிபேவுக்கு அனுப்ப, நான் அவருக்குக் கட்டினேன். 11 மாதமாகிறது, ஒரு பெர்மிட் நகல் மட்டும் வந்திருக்கிறது. டிகிரி இல்லாததால்தான் விசா இழுக்கிறது, 80,000 கொடுத்தால் டிப்ளமோ சர்டிபிகேட் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வேண்டாம் என்றால் மூவருக்கும் சேர்த்து 6 லட்சம் திருப்பித் தருவாராம். நண்பனின் அப்பா வீட்டு வாசலில் வந்து கத்துகிறார். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டதால் எனக்கு மட்டும் 50,000 குறைத்தார், நல்ல மனிதர் என்று நம்பினேன். அவர் மீது மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த 50,000 தான். நகை, அவமானம், வாசலில் கத்தல் எல்லாம் வேதனைதான். ஆனால் வழக்கு அவற்றின் மேல் நிற்காது. நண்பர்களின் 6 லட்சம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கிறது, அதற்காக உங்களுக்கு ஒரு தள்ளுபடி கிடைத்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் இதை "கமிஷன்" என்று எழுதுவார்கள்.

டிகிரி விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். போலந்தில் ஃபேக்டரி வேலைக்கான பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது அங்குள்ள முதலாளி. வொய்வோடா எனப்படும் மாகாண ஆளுநரின் அலுவலகம் அதைக் கொடுக்கிறது. அது கைக்கு வந்தபிறகும் விசா தனியாக வாங்க வேண்டும். வெல்டருக்கு டிகிரி இல்லை என்று விசா நிற்பதில்லை. அந்த 80,000 வாங்கித் தருவது போலிச் சான்றிதழைத்தான். அதைத் தூதரகத்தில் கொடுப்பவர் நீங்கள். ஆகவே போலி ஆவணத்தைப் பயன்படுத்திய குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 340-ஆவது பிரிவில் உங்கள் மேல்தான் வரும், ஏஜென்டின் கையெழுத்து எங்கும் இருக்காது. விசா மறுக்கப்பட்டால் அந்த விவரமும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சட்டத்தை மீறியிருக்கிறார் என்று காட்ட, அவர் கேட்ட தொகையே போதும். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. பத்தாவது பாஸ், பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) முத்திரை இல்லை, அதனால் இந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முத்திரை இல்லாதவரிடம் பணம் வாங்கினாலும் குற்றம் குற்றம்தான்.

இப்போது நீங்கள் பயப்பட வேண்டிய இடம். அந்தச் சட்டத்தில் "ஆள் எடுத்தல்" என்பதன் பொருள் மிக அகலமானது. விளம்பரம் மட்டுமல்ல, வெளிநாட்டு வேலை தொடர்பாக ஒருவரோடு செய்யும் கடிதப் போக்குவரத்து, பேச்சுவார்த்தை, ஏற்பாடு எல்லாமே அதில் அடங்கும். "மச்சான், சீட் ரெண்டுதான் இருக்கு, நாளைக்குள்ள அட்வான்ஸ் போடு" என்று நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அது பேச்சுவார்த்தை இல்லை என்று வாதாடுவது எனக்கே கஷ்டம். சப்-ஏஜென்ட் என்று ஒருவரை இந்தச் சட்டம் அங்கீகரிப்பதே இல்லை.

உங்களைப் போலவே என்னிடம் ஒருவர் வந்தார், அவரும் வெல்டர்தான். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். தான் ஏமாந்த வரிகளை மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டிருந்தார். நான் பார்த்தது கோடு போடாத வரிகளை. ஐந்து பேரிடமிருந்து வந்த பணம், ஒவ்வொன்றுக்கும் நேரே "வேலை அட்வான்ஸ்" என்ற குறிப்பு. அவர் புகார் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் அந்த ஐவரில் ஒருவர் முந்திக்கொண்டார். எஃப்ஐஆரில் ஏஜென்ட் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இவர் இரண்டாம் எதிரி. ஏஜென்ட் தலைமறைவு, வீட்டு முகவரியோடு கையில் சிக்கியவர் இவர்தான். சம்பளம் வரும் கணக்கு முடக்கப்பட்டது. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவில் பாஸ்போர்ட்டையே மறுக்கலாம். வெளிநாடு போகப் பணம் கட்டியவர், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க கோர்ட்டில் அனுமதி மனு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே நீங்கள் தனியாகப் போய் மோசடிப் புகார் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஏஜென்டின் முதல் பதில், "அவன்தான் சார் பணம் வசூல் பண்ணான்" என்பதாக இருக்கும். மூவரும் ஒரே மனுவில் கையெழுத்திடும்போதுதான் நீங்கள் பாதிக்கப்பட்டவர்.

என் ஆலோசனை சமரசம். அந்த 6 லட்சத்தை வாங்குங்கள். அதில் ஒரு பைசாவும் உங்களுக்கு இல்லை. நண்பர்கள் கொடுத்தது சரியாக 6 லட்சம், அது முழுவதும் அவர்களுக்கே போக வேண்டும், ஏஜென்டிடமிருந்து நேராக அவர்கள் கணக்குக்கு. மறுபடியும் உங்கள் கணக்கு வழியாக வர விடாதீர்கள். அந்த 50,000 தள்ளுபடியையும் ஆளுக்கு 25,000 என்று உங்கள் கையிலிருந்து பேங்க் மூலம் கொடுத்துவிடுங்கள். வலிக்கும்தான். ஆனால் இந்த விஷயத்தில் நீங்கள் லாபம் பார்த்தீர்கள் என்று யாரும் சொல்ல வழி இருக்கக் கூடாது. பணம் வந்ததும் இருவரிடமும் தனித்தனியே எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

தவணையாகத் தருகிறேன் என்பார். சரி, ஆனால் ஒப்பந்தம் எழுத்தில், செக் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து. செக் திரும்பினால் அந்தத் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். "பாவம், அடுத்த வாரம் தருகிறாராம்" என்று அந்த 30 நாளைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசித் தவணை கணக்கில் ஏறும்வரை "பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளில் மூவரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் 4 லட்சம்? அதைத் தனியாக வைத்துப் பேசுங்கள். சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு கெடு இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால்தான் நண்பர்களுக்குத் தருவேன் என்று ஏஜென்ட் அடம்பிடித்தால், அப்போதும் ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். 28 வயதில் 4 லட்சத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். இரண்டாம் எதிரி என்ற பெயர் விழுந்தால் அதை நீக்கவே பல ஆண்டு ஆகும்.

அவர் இழுத்தடித்தால் 15 நாள் நோட்டீஸ், அப்புறம் மூவரும் சேர்ந்து புகார். குடியேற்றச் சட்ட வழக்குக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால், பாதிக்கப்பட்டவரே கொடுக்கும் புகாருக்கு 27-ஆவது பிரிவில் அந்த அனுமதி தேவையில்லை என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஆசையை விட வேண்டாம். எட்டு வருட வெல்டிங் அனுபவத்துக்கு டிகிரி தேவைப்படாத வேலைகள் உண்டு. மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு எண் உள்ள ஏஜென்ட், அல்லது தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், இந்த இரண்டு வழியில் மட்டும் போங்கள். ஆனால் அது அடுத்த மாத வேலை. இன்று மாலை உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு, வாசலில் கத்தும் அந்த அப்பாவின் வீட்டுக்கு நீங்களே போங்கள். பணம் வந்த தேதியையும் போன தேதியையும் காட்டுங்கள். தள்ளுபடியையும் மறைக்காமல் சொல்லி, 25,000 உங்கள் கணக்கிலிருந்து வரும் என்று சொல்லுங்கள். அவர் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.